நெஞ்சு உயரத்துக் காயங்கள்

ஸ்பிரிட்டக்காவுக்குப் பயம் இல்லாத பொருள் இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம். போன் மணி அடித்தால் அதை எடுப்பதற்குள் சொந்தக்காரர்களில் இரண்டு மூன்று பேரை மனதுக்குள் சாகடித்துவிடுவாள். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் காட்டிலாகாவில், அதுவும் மரங்களுக்கு வரும் பூச்சியையும் நோயையும் தேடித் திரிகிற பிரிவில் போட்டால் என்ன ஆகும்? பதினாலு வருஷம் பிரமாதமாக வேலை பார்த்தாள். ஆச்சரியப்பட இதில் ஒன்றுமில்லை. நோய் பார்க்கிற வேலைக்குத் தைரியசாலி லாயக்குப்பட மாட்டான். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, வெயிலுக்கு வாடியிருக்கு, விடுங்க என்று போய்விடுவான். இவளோ ஓர் இலை மஞ்சளாகத் தொங்கினாலும் பதறியடித்துக் கிட்டே போய் நிற்பாள்.

வேலை என்னவென்றால், மரத்துப் பட்டையில் தன் நெஞ்சு உயரத்துக்குக் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சில்லைச் செதுக்குவாள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பழுப்புக் கோடு ஓடியிருந்தால் சாறு வடியும் நோய். வேலையாட்கள் அதைச் சுருக்கமாக 'வடியல்' என்பார்கள். நோய் புகுந்த நாலு மாதத்தில் அந்த இடத்திலிருந்து கறுப்பாகச் சாறு வடியும், ஒரு வருஷத்தில் மரம் நின்றபடியே செத்துப்போகும். வைத்தியம் கிடையாது. அந்த மரத்தையும் சுற்றி இருபது அடியில் நிற்கிற மரங்களையும் வெட்டி அங்கேயே எரித்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

அந்த நோய் காயத்தின் வழியாகத்தான் உள்ளே போகும். வண்டு துளைத்த காயமாக இருக்கலாம், கிளை ஒடிந்த காயமாக இருக்கலாம், கத்திக் காயமாகவும் இருக்கலாம். அதனால் ஒரு மரத்தைத் தொட்ட கத்தி அடுத்த மரத்தைத் தொடுவதற்கு முன்னால் அதை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, முப்பது எண்ண வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் பத்து எண்ணுவார்கள். கொசு கடித்தால் ஐந்து. ஸ்பிரிட்டக்கா மட்டும் உதடு அசைய முப்பதையும் எண்ணுவாள். அவளோடு போனால் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர முடியாது என்று கூட வருகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பெயர் அப்படி வந்ததுதான். அவள் சாப்பாட்டுப் பையில்கூட ஸ்பிரிட் வாசனை அடிக்கும். ஆஸ்பத்திரியையே கட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு ஓர் அண்ணன். லாரி மெக்கானிக்காக இருந்து, வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகு போய் உட்கார்ந்தவர். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்கவைத்து இந்த வேலையில் சேரும்வரை கூட நின்றவர் அவர்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம், காட்டு எல்லையை ஒட்டிக் கிடந்த தன் நிலத்தில் பலகைக்கு ஆகும் மரங்களாக நூற்றிநாற்பது கன்று வைத்தார். கன்றுகளைப் பொறுக்கிக் கொடுத்தவள் அவள். இன்னும் இரண்டு வருஷம் போனால் வெட்டுக்கு வந்துவிடும். முதுகு போன மனிதனுக்கு அதற்கப்புறம் சாப்பாட்டுக் கவலை இல்லை. அந்தத் தோப்பு ஒன்றுதான் அவருக்கு இருந்தது, வேறு எதுவும் இல்லை.

பக்கத்துத் தோப்பு ஒரு ரிட்டயர்டு கண்டக்டருடையது. தனியாள். நாற்பது மரம் வைத்துக்கொண்டு, பஸ் சீட்டுக்குப் போடுவது போல ஒவ்வொன்றுக்கும் பெயின்ட்டால் நம்பர் போட்டிருந்தார். எல்லாரும் ஏறியாச்சா என்று காலையில் ஒரு சுற்று எண்ணிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் நம்பரில் சாய்ந்துகொண்டு ரேடியோ கேட்பார். வேலி விஷயத்தில் அண்ணனுக்கும் அவருக்கும் ஆகாது. இரண்டு பேரும் பேச்சு வார்த்தையை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது.

மழைக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் அண்ணன் பைக்கில் காட்டு கேட்டுக்கே வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. கண்டக்டர் தோப்பில் இலையெல்லாம் கொட்டுகிறது, வடியல்தான் வந்துவிட்டது, உடனே வந்து என் மரங்களைப் பார் என்றார். ஸ்பிரிட்டக்கா அப்போதுதான் காட்டுக்குள்ளே நோய் கண்ட பகுதியிலிருந்து வெளியே வந்திருந்தாள். அண்ணன் எஞ்சினைக்கூட அணைக்காமல் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கும் கை கால் ஓடவில்லை. அப்படியே பைக்கில் ஏறிவிட்டாள். கத்தி இடுப்பு உறையில் இருந்தது. பை ஜீப்பில் இருந்தது. ஸ்பிரிட் அந்தப் பைக்குள் இருந்தது.

தோப்பில் முதல் மரத்தில் சில்லைச் செதுக்கினாள். உள்ளே பால் போல வெள்ளை. ஒண்ணுமில்லண்ணா என்று திரும்பினாள். கத்தியைத் துடைக்கத் தோளில் கை போனது. தோளில் பை இல்லை.

அந்த நிமிஷத்தில் நிறுத்தியிருக்கலாம். ஒரு மரத்தோடு போயிருக்கும். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று அண்ணன் கேட்பார். கேட்டால், இந்த மரத்தில் பட்டது காட்டிலிருந்து வந்த அழுக்குக் கத்தி என்று சொல்ல வேண்டும். அவரோ இரண்டடி தள்ளி நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் முகத்தைப் பார்க்கிற நோயாளிக்குக்கூட அவ்வளவு பயம் இருக்காது. அவருடைய பயத்துக்குப் பயந்து, கடைசியாகக் காட்டில் பார்த்த மரம் நல்ல மரம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கத்தியைப் பேன்ட்டில் தேய்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள். உண்மையில் அது நல்ல மரமா சந்தேக மரமா என்பது அவளுக்கு ஞாபகமில்லை. அண்ணன் இதைப் பாரு, அதைப் பாரு என்று காட்டக் காட்ட, வேலியோரமாகப் பதினொரு மரம் பார்த்தாள். பதினொன்றும் வெள்ளை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னை மாதிரி ஒரு தங்கச்சி யாருக்கு வாய்க்கும் என்று சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப்போய் வயிறு முட்டச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினார். அவளுக்குச் சோறு உள்ளே இறங்கவே இல்லை.

போகிற வழியில் கண்டக்டர் தோப்பையும் எட்டிப் பார்த்தாள். மரத்துக்கு மரம் கம்பளிப்புழு. இலையைத் தின்றுவிட்டுத் தானே போய்விடுகிற ஜாதி அது. அடுத்த மழைக்குப் புது இலை வந்துவிடும். இதற்குப் போயா இத்தனை கூத்து என்று அழுகைதான் வந்தது.

அதற்கப்புறம் நாலு மாதம் அவள் பட்ட பாட்டை அவளே ஒருத்தரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வீட்டுக்குப் போவாள். பாசம் பொங்கி வழிகிறது என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். போனதும் குசலம் விசாரிக்கிற சாக்கில் தோப்புக்குள் நடந்து, பதினொரு காயத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம் காயங்கள் ஆறி விளிம்பு தடித்திருந்தது. தப்பித்தோம் என்று கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பஸ்ஸிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவசரப்பட்டுவிட்டாள், பாவம்.

நாலாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீசில் பூச்சிப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு மரத்தில் கறுப்பாக ஏதோ வடிகிறது, அந்தக் கண்டக்டர் என் குடியைக் கெடுத்துவிட்டான் என்றார் அண்ணன். ஸ்பிரிட்டக்கா கையிலிருந்த லேபிள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அதை உரிக்கக்கூடத் தோன்றாமல் பஸ் பிடித்துப் போனாள்.

ஒரு மரம் இல்லை. பதினொன்றில் ஒன்பது. ஒவ்வொன்றிலும் அவள் செதுக்கிய இடத்திலிருந்து விரல் கனத்தில் சாறு கீழே இறங்கிக் காய்ந்திருந்தது. மற்ற மரங்கள் சுத்தமாக நின்றன. முதல் மரத்தின் முன்னால் அவள் நின்றபோது காயம் அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. ரெண்டாவதும் அப்படியே. ஒன்பதும் அப்படியே. பார்க்கத் தெரிந்தவர் ஒருத்தர் வந்து நின்றால் போதும், யார் வேலை என்று மரமே சொல்லிவிடும்.

அண்ணன் பின்னாலிருந்து கண்டக்டரைத் திட்டிக்கொண்டே இருந்தார். அவர் மரங்களில் இலை கொட்டியபோதே கேஸ் கொடுத்திருக்க வேண்டும் என்றார். இவள் வாயைத் திறக்கவில்லை. ஆபீசுக்குத் தகவல் கொடுத்தாள், அதை மட்டும் ஒளிக்கவில்லை. ஒளித்தால் மிச்ச மரங்களும் போய்விடும். ஆனால் படிவத்தில், நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கீழே பேனாவை வைத்து இரண்டு தடவை எடுத்தாள். தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் ரேஞ்சரம்மா வந்தார். ஸ்பிரிட்டக்காவைவிடப் பத்து வயது சின்னவர், படித்தவர், வேலையில் கறார். மரங்களைச் சுற்றிப் பார்த்தார். கத்தி பட்ட அடையாளம் அவர் கண்ணில் படாமல் இல்லை. சாறு வடிவதைப் பார்த்த பிறகு சோதனைக்காக ஸ்பிரிட்டக்கா செதுக்கிய இடம் என்று நினைத்துக்கொண்டார். வேறு யாருக்கும் வேறு மாதிரி நினைக்கத் தோன்றாது. முப்பது எண்ணுகிறவள் ஆயிற்றே.

நோய் பட்ட ஒன்பதும் சுற்றி நிற்கிற முப்பத்திநாலும் போக வேண்டியதுதான் என்றார். அண்ணன் ஏற்கெனவே தயாராக இருந்தார் போலிருக்கிறது, தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் ரேஞ்சரம்மா வேலியைப் பார்த்தார். ஒன்பது மரமும் வேலியோரம். அந்தப் பக்கம் நாலு மாதத்துக்கு முன்னால் இலை கொட்டியதற்கு ஊரே சாட்சி. நோய் அங்கிருந்து வண்டு மூலமாக வந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூட முடிவுக்குக் காத்திருந்தால் அடுத்த மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் காடு முழுக்கப் பரவிவிடும். ஆகவே கண்டக்டர் தோப்பில் இந்தப் பக்கத்து மூன்று வரிசையையும் வெட்டிவிடலாம், அடையாளம் போடுங்கள் என்று சிவப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் ஸ்பிரிட்டக்கா கையில் கொடுத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் போவதற்குள் அவளுக்குப் பத்துத் தடவை உயிர் போய் வந்தது. சொல்லிவிடு என்றது மனசு. சொன்னால் வேலை போகும். வேலை போனால்கூடச் சமாளிக்கலாம். வேலிக்கு அப்பால், முதுகில் கை ஊன்றிக்கொண்டு தன்னையே பார்த்தபடி நிற்கிற ஆள் போய்விட்டால் என்ன செய்வது? பயந்தவர்கள் எப்போதும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பிரஷ்ஷைப் பெயின்ட்டில் முக்கினாள்.

கண்டக்டர் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். சண்டை போடுவார், கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அப்படிக் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க பார்த்துச் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்," என்றார். "முப்பது எண்ணுவீங்களாமே, எல்லாரும் சொல்வாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். பன்னெண்டாம் நம்பர மட்டும் கடைசியா வெட்டச் சொல்லுங்க."

பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் அவள் செருப்பில் சொட்டியது. அவள் டப்பாவைத் தரையில் வைத்தாள்.

"மேடம், இவர் மரத்துல நோய் இல்ல. அது கம்பளிப்புழு. நோயைக் கொண்டுவந்தது நான்."

ரேஞ்சரம்மாவுக்குப் புரியவில்லை. அண்ணன் தோப்பு போகிற வேதனையில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தார். நிதானமாக யோசித்துப் பேசுங்க அக்கா என்றார். ஸ்பிரிட்டக்கா வேலியைத் தாண்டி வந்து, முதல் மரத்தின் முன்னால் நின்று, உறையிலிருந்து கத்தியை எடுத்துக் காயத்தில் வைத்துக் காட்டினாள். கத்தியின் முனை அதில் கச்சிதமாகப் பொருந்தியது. அவள் முழங்கை அவள் நெஞ்சுக்கு நேராக மடங்கியிருந்தது.

"ஒன்பதும் இதே உயரம். வண்டு துளைச்சா இப்படி அளவெடுத்த மாதிரி துளைக்குமா மேடம்? நாலு மாசத்துக்கு முன்னாடி, ஸ்பிரிட் இல்லாம நான் போட்ட வெட்டு."

ரேஞ்சரம்மா ஒவ்வொரு மரமாகப் போய் நின்று பார்த்துவிட்டு, படிவத்தை எடுத்துப் பழைய பதிலை அடித்தார். கண்டக்டர் தன் பக்கத்தில் கிடந்த பெயின்ட் டப்பாவைக் குனிந்து எடுத்து மூடி போட்டு வேலியோரம் வைத்தார். ஸ்பிரிட்டக்கா யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் செருப்புச் சத்தம் கிட்டே வருவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயசில்கூட அவரிடம் ஓர் அடி வாங்காதவள் இப்போது அடியை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அண்ணன் அடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனாவது மரத்துல ஞாபகம் வந்துச்சு?"

பதினொன்றில் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகுதான் என்று சொல்லியிருக்கலாம். மறதி என்றால் யாரும் மன்னிப்பார்கள். அந்தப் பதிலைத்தான் அண்ணன் முகமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"முதல் மரத்துலயே," என்றாள்.

அண்ணன் மெதுவாக, முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் நாற்பத்திமூன்று மரத்தையும் வெட்டி அங்கேயே எரித்தார்கள். புகையில் நின்றபடி அண்ணன் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்ததாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஸ்பிரிட்டக்கா போகவில்லை, போகத் தைரியம் இல்லை. நாலு மாதம் காட்டுப் பக்கமே வரக்கூடாது என்று ஆபீசில் உத்தரவு போட்டு, பூச்சிப் பெட்டிகளுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். வேலை போகாததே பெரிய விஷயம் என்றார்கள். அவளுக்கு வலித்தது வேறு. ஆபீசில் ஒருத்தரும் அவளை ஸ்பிரிட்டக்கா என்று கூப்பிடுவதில்லை. ரொம்ப மரியாதையாக, மேடம் மேடம் என்றார்கள்.

அண்ணன் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்தால் மணி அடித்து ஓய்ந்துவிடும். ஒரு நாள் கூடக் கட் பண்ணவில்லை, எடுக்கவும் இல்லை. மணி அடிக்கிற அந்த நேரம் முழுக்க அவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று இவளுக்குத் தோன்றும்.

உத்தரவு முடிந்த வாரம் அண்ணனிடமிருந்தே போன் வந்தது. மிச்ச மரங்களைச் சோதிக்கிற கெடு வந்துவிட்டது, ஆபீசிலிருந்து யாரையோ அனுப்புகிறோம் என்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீயே வா என்றார். அவ்வளவுதான், நலம் விசாரிக்கவில்லை. திட்டுவதற்கா, மன்னிப்பதற்கா, நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பதற்கா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தாள். பையைத் திறந்து ஸ்பிரிட் பாட்டில் இருக்கிறதா என்று ஒன்பது தடவை பார்த்தாள்.

தோப்பு வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மருந்துக்கடை லேபிளோடு புது ஸ்பிரிட் பாட்டில், இன்னொரு கையில் வெள்ளைத் துணி. வா என்று சொல்லவில்லை. துணி இருந்த கையை நீட்டினார். அவள் கத்தியை உறையிலிருந்து உருவி அதில் வைத்தாள். தன் பாட்டிலைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அவர் துடைத்தார். லாரி எஞ்சினைத் துடைத்துப் பழகிய கை, கத்தியின் பிடியிடுக்குவரை விட்டுவைக்கவில்லை. பிறகு சத்தமாக எண்ணினார். வேலிக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் ரேடியோவைச் சின்னதாக வைத்தார். முப்பது வந்ததும் கத்தியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

எரித்த இடத்தின் கரையில் நிற்கிற முதல் மரம். கத்தி முனை இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை சில்லு பெயர்ந்து வந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"வெள்ளையா இருக்குண்ணா," என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து, அந்தச் சின்ன வெள்ளை இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னே."

அன்றைக்கு அவள் சொன்னதும் உண்மைதான். இன்றைய வெட்டு என்ன செய்யும் என்று தெரிய இன்னும் நாலு மாதம் ஆகும், அதுவரை இரண்டு பேரும் பயந்துகொண்டுதான் இருக்க வேண்டும். அண்ணன் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கித் துணியில் அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.